மூன்று முறை சுற்றி வந்தவள்: நாவலையும் படத்தையும் ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு ஏற்காடு போயிருந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்து, லேடீஸ் சீட்டில் போய் நின்றோம். கீழே சேலம் முழுக்கப் பனிமூட்டத்தில் கிடந்தது. 'வாராய் நீ வாராய்' பாட்டை இந்த மலையில்தான் எடுத்தார்கள் என்று எங்கள் ஊரில் தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதை அவளிடம் சொல்லி, போனில் போட்டும் காட்டினேன். கறுப்பு வெள்ளைப் படம், மாதுரி தேவி, எஸ்.ஏ. நடராஜன். கணவன் மனைவியை இனிமையாகப் பாடி அழைத்துக்கொண்டே மலை உச்சிக்குக் கூட்டிப் போகிறான். உச்சிக்குப் போன பிறகுதான், தன்னைக் கொல்லக் கூட்டி வந்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரிகிறது. சாவதற்கு முன் உங்களை மூன்று முறை சுற்றி வந்து வணங்கிக்கொள்கிறேன் என்கிறாள். சுற்றுகிறாள். மூன்றாவது சுற்றில் அவனைத் தள்ளிவிடுகிறாள்.

பார்த்து முடித்துவிட்டுக் கேட்டாள்: "சித்தப்பா, இது எந்த நாவல்? படத்தைவிட அது நல்லா இருக்குமா?"

அந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. 1950-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'மந்திரி குமாரி' அது. கருணாநிதியின் நாடகம் படமானது. நாடகத்துக்கு விதை ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசி. ஆனால் குண்டலகேசி முழு நூலாக இன்று யார் கையிலும் இல்லை. கிடைத்திருப்பவை 19 பாடல்கள்தான், அவையும் பெரும்பாலும் நிலையாமையும் அறமும் பேசுகிறவை. கதையை நாம் தெரிந்துகொள்வது, குண்டலகேசியை மறுத்து எழுதப்பட்ட நீலகேசியின் உரையிலிருந்தும், பாலி மொழியில் இருக்கும் பௌத்த உரைகளிலிருந்தும்தான். அப்படியிருக்க, படத்தை எதோடு ஒப்பிடுவது?

மலையிலிருந்து இறங்கும் வரை இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தோம். நாவலையும் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பேசும்போது நாம் எங்கெல்லாம் தடுக்கி விழுகிறோம் என்று அன்றைக்கு எனக்கே கொஞ்சம் தெளிவானது.

முதலில், "புத்தகம் வேற, சினிமா வேற, ரெண்டையும் ஒப்பிடவே கூடாது" என்று வாயை அடைப்பது. பெருந்தன்மையாகத் தெரியும், ஆனால் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஒரு கதையை எடுத்து, அதன் பெயரையும் போட்டு, அந்தப் பெயரை நம்பி வருகிறவர்களுக்குக் காட்டினால், அவர்கள் ஒப்பிடத்தான் செய்வார்கள். ஒப்பிட வேண்டும். ஒரு கதை இன்னொருவர் கைக்குப் போகும்போது என்ன ஆகிறது என்று பார்ப்பதில்தான் இரண்டு பேரின் மனசும் தெரியும். எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் சிக்கல்.

நாம் பெரும்பாலும் செய்வது கணக்கெடுப்பு. 'பொன்னியின் செல்வன்' வந்த சமயத்தில் என் நண்பர் ஒருவர் நோட்டில் எழுதியே வைத்திருந்தார்: இந்தக் காட்சி இல்லை, அந்தக் கதாபாத்திரம் இல்லை, ஏரிக்கரையில் தொடங்காமல் போர்க்களத்தில் தொடங்கிவிட்டார்கள். கடைவீதிப் பக்கம் ஒரு தள்ளுவண்டியில் தட்டுவடை செட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே அந்தப் பட்டியலை எனக்கு முழுசாகப் படித்துக் காட்டினார். அவருடைய வருத்தம் உண்மையானது. அந்த ஐந்து பாகங்களையும் பலமுறை படித்தவர். ஆனால் 1950-இலிருந்து 1954 வரை வாராவாரம் கல்கி பத்திரிகையில் வந்த கதை அது. ஒவ்வொரு வாரமும் ஒரு முடிச்சில் நிறுத்தி, அடுத்த இதழ் வரை வாசகரைக் காத்திருக்க வைப்பதற்காகவே கட்டப்பட்டது. இரண்டு படங்களில் அதை அடக்கும்போது காட்சிகள் போகத்தான் போகும். எத்தனை போயிற்று என்று எண்ணுவதில் ஒன்றும் கிடைக்காது.

அவருடைய பட்டியலில் ஒரே ஒரு பெயர் மட்டும் என்னை நிறுத்தியது: மணிமேகலை. கந்தமாறனின் தங்கை. படத்தில் அவள் கிடையாது. புத்தகமோ அவளோடுதான் முடிகிறது. வந்தியத்தேவனை மனசில் சுமந்து சுமந்து கடைசியில் உதிர்ந்து போகிற அந்தப் பெண்ணின் மேல்தான் கல்கி அவ்வளவு பெரிய கதையை இறக்கி வைக்கிறார். சோழ சிம்மாசனம் யாருக்கு என்ற கேள்வி தீர்ந்த பிறகும், யாரும் கவனிக்காத ஒரு காதலின் துக்கம் வாசகனிடம் மிச்சம் இருக்கும். அவளை எடுத்துவிட்டால் கதை அரியணையோடு முடிந்துவிடும். விடுபட்டவை நூறு இருந்தாலும், எது போனதால் கதையின் எடை மாறியது என்று கேட்டால் இப்படி ஒன்றிரண்டுதான் தேறும். அந்த ஒன்றிரண்டைப் பற்றி எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் பேசலாம்.

'குறைத்துவிட்டார்கள்' என்ற புகார் எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதும் இங்கேயே சொல்ல வேண்டியது. சிறிய படைப்பிலிருந்து வருகிற படத்துக்கு நேர் எதிரான வேலை இருக்கிறது. மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து கிளம்பியது. ஆற்றங்கரையில் ஊரே திரண்டு நிற்கிற அந்த முடிவு சிற்றன்னையில் கிடையவே கிடையாது. அதற்காகப் புதுமைப்பித்தனுக்குத் துரோகம் நடந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. மாடர்ன் தியேட்டர்ஸ் 'மந்திரி குமாரி' எடுத்த அதே 1950-இல் பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' என்ற கதைப்பாட்டைப் 'பொன்முடி' ஆக்கியது, வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலிலிருந்து 'திகம்பர சாமியார்' எடுத்தது. ஒரு காப்பியக் கதை, ஒரு கவிதை, ஒரு துப்பறியும் நாவல். மூன்றும் ஏற்காடு சாலையில் ஒரே காம்பவுண்டுக்குள் ஒரே ஆண்டில் படமாயின. இந்த மூன்றையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியுமா?

அடுத்தது, மூலம் என்று ஒன்றே ஒன்றுதான் இருக்கும் என்று நினைப்பது. தமிழ்த்தாய் வாழ்த்தைப் பள்ளியில் பாடாதவர் நம்மில் யாரும் இல்லை. அது சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட 'மனோன்மணீயம்' நாடகத்தில் வருவது. அந்த நாடகமே லிட்டன் பிரபு ஆங்கிலத்தில் எழுதிய ஒரு கதையைத் தழுவியது. 1942-இல் அது மாடர்ன் தியேட்டர்ஸில் 'மனோன்மணி' என்ற படமானது, பி.யு. சின்னப்பாவும் டி.ஆர். ராஜகுமாரியும் நடித்தார்கள். மூலத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று ஒருவர் சொன்னால் எந்த மூலத்தை என்று கேட்க வேண்டியிருக்கும். குண்டலகேசி கதையிலும் அப்படித்தான். கணவன் அவளை மலைக்கு ஏன் கூட்டிப் போனான்? பாலி உரையில் அவள் நகைகளுக்கு ஆசைப்பட்டு. தமிழ் உரையிலோ, ஊடல் நேரத்தில் 'நீ கள்வன்தானே' என்று அவள் விளையாட்டாகச் சொன்ன சொல் அவனுக்குள் புண்ணாகி. ஒரே மலை, இரண்டு காரணங்கள். என்னைக் கேட்டால் தமிழில் இருக்கும் காரணம்தான் அதிகம் பயமுறுத்துகிறது.

எழுத்தாளரே தன் கதையை மாற்றிய இடங்களும் உண்டு. ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில், கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் மகளின் தலையில் தாய் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று ஏற்றுக்கொள்கிறாள். அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரே கேட்டு எழுதியதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. அதைப் பீம்சிங் படமாக்கியபோது திரைக்கதையும் ஜெயகாந்தனே எழுதினார். மூலத்தைத் தொடவே கூடாது என்கிறவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

முகத்தைப் பற்றிய சண்டையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். "என் மனசுல இருந்த வந்தியத்தேவன் இப்படி இல்லை" என்று சொல்லும்போது அந்த முகம் எங்கிருந்து வந்தது என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். பாதி பேருக்கு அது ஓவியர் மணியம் கல்கியில் வரைந்த முகம். 'தில்லானா மோகனாம்பாள்' ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது கோபுலு வரைந்த மோகனாதான் அந்தக் காலத்து வாசகர்களுக்கு மோகனா. 1968-இல் நம் சங்ககிரிப் பக்கத்து ஏ.பி. நாகராஜன் அதைப் படமெடுத்த பிறகு பத்மினியைத் தவிர வேறு முகம் யாருக்கும் நினைவில் வருவதில்லை. நாம் கற்பனை செய்ததாக நினைக்கிற முகத்தை முன்பே ஒருவர் வரைந்து கொடுத்திருக்கிறார்.

நடிகரின் முகத்தைவிடப் பெரிய விஷயம், கதை யாருடையது என்பது. பூமணியின் 'வெக்கை'யில் பதினைந்து வயதுப் பையன் ஒரு கொலையைச் செய்துவிட்டுத் தன் அப்பாவோடு காட்டில் ஒளிந்து திரிகிறான். சமைக்கிறார்கள், தூங்குகிறார்கள், பேசுகிறார்கள். நாம் அந்தப் பையனோடுதான் நடக்கிறோம். 'அசுரன்' அதே கதையை அப்பாவின் கதையாக்கியது. அவருடைய இளமைக்காலம் என்று ஒரு பெரிய பகுதியே புதிதாகச் சேர்ந்தது. அப்பாவாக வருகிறவர் தனுஷ் என்பதால் வந்த மாற்றம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. நாவலில் பையன் அப்பாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்டுகொள்கிற அமைதி படத்தில் இல்லை. படத்தில் அவர் பட்ட அவமானமும் இழப்பும் நம் நெஞ்சில் விழுகிற பாரம் நாவலில் இல்லை. இரண்டையும் அனுபவித்த பிறகு எனக்கு நாவல்தான் நெருக்கம். காரணம் கேட்டால் அந்த அமைதியைத்தான் சொல்வேன். இப்படிக் காரணத்தோடு ஒரு பக்கம் சாய்வதில் தவறே இல்லை.

அப்புறம், நினைவை நம்பி ஒப்பிடுவது. இதை நான் நிறையச் செய்திருக்கிறேன். பதினாறு வயதில் நூலகத்தில் எடுத்துப் படித்த ஒரு நாவல் பல வருடம் கழித்துப் படமாக வந்தது. முக்கியமான காட்சியையே விட்டுவிட்டார்கள் என்று வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். புத்தகத்தைத் தேடி எடுத்துப் பார்த்தால் அந்தக் காட்சி அதில் இல்லை. படித்த வயதில் எனக்கு வேண்டியிருந்ததை நானே சேர்த்துக்கொண்டிருக்கிறேன். குண்டலகேசியில் மிஞ்சிய பாடல்களில் ஒன்று இதையே வேறொரு இடத்திலிருந்து பேசுகிறது: குழந்தையாக இருந்த நிலை செத்து, பாலப் பருவம் செத்து, காளைப் பருவமும் செத்து, நாள்தோறும் நாம் செத்துக்கொண்டிருக்கிறோம், நமக்காக நாம் ஏன் அழுவதில்லை என்று. பதினாறு வயதில் அந்த நாவலைப் படித்தவனும் இப்போது இல்லை. ஒப்பிடுவதற்கு முன் புத்தகத்தை ஒருமுறை திரும்பப் படித்துவிடுவது நல்லது. முழுசாக முடியாவிட்டால் தொடக்கத்தையும் முடிவையுமாவது படியுங்கள்.

படம் பார்த்தாயிற்று, இனிப் புத்தகம் எதற்கு என்று விட்டுவிடுவதையும், பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் அடுத்து வரப்போவதைச் சொல்லிச் சொல்லி அவர் பார்வையைக் கெடுப்பதையும் நான் விளக்கத் தேவையில்லை.

மந்திரி குமாரிக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த படங்களில் அது ஒன்று, ஆனாலும் அதன் மேல் ஒரு தீராத குறை இருக்கிறது. மந்திரி மகள் அமுதவல்லி கணவனைத் தள்ளிவிட்டு ராஜசபைக்கு வந்து உண்மையைச் சொல்கிறாள். ராஜகுரு அவளைக் கொன்றுவிடுகிறார். வணிகர் மகளை மந்திரி மகளாக்கியதைப் பற்றியோ, பெயர்களை மாற்றியதைப் பற்றியோ, வாள்சண்டைகளைச் சேர்த்ததைப் பற்றியோ எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் பழைய கதையில் அவள் சாகவில்லை. மலையிலிருந்து தனியாக இறங்கி வருகிறாள். சமணத் துறவியாகிறாள். பறித்த தலைமுடி சுருள் சுருளாக மறுபடி வளர்ந்ததால்தான் குண்டலகேசி என்ற பெயரே வருகிறது. ஊர் ஊராகப் போய், ஒரு நாவல் மரக்கிளையை மண்ணில் நட்டு, என்னோடு வாதம் செய்ய யார் வருகிறீர்கள் என்று கூப்பிடுகிறாள். கடைசியில் புத்தரின் சீடர் சாரிபுத்தரிடம் வாதத்தில் தோற்று பௌத்தத் துறவி ஆகிறாள். அவளுக்கு மலை உச்சி தொடக்கம்தான். படம் அதைக் கிட்டத்தட்ட முடிவாக்கிவிட்டது. கணவனைக் கொன்ற ஒருத்தியை வாழவிட 1950-இன் திரையரங்கு ஒப்பாது என்று நினைத்தார்களோ என்னவோ. மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த அந்த மலைக் காட்சிக்குக் கொஞ்சமும் குறையாத ஒரு பாதிக் கதை இன்னும் படமாகாமல் கிடக்கிறது.

பஸ் கீழே இறங்கி மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டியது. ஸ்டூடியோ போய்விட்டது, வளைவு மட்டும் நிற்கிறது. அண்ணன் மகள் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு, "அந்த பத்தொன்பது பாட்டும் எங்க கிடைக்கும் சித்தப்பா?" என்று கேட்டாள். வீட்டில் ஒரு பழைய பதிப்பு இருக்கிறது. அன்று ராத்திரியே எடுத்துக் கொடுத்துவிட்டேன்.