ராக் டம்ளர் வாங்கப் போகிறீர்களா? நாங்கள் செய்த தவறுகளை நீங்களும் செய்யாதீர்கள்

டம்ளர் வாங்கப் போகிறோம் என்று வீட்டில் சொன்னதும் அம்மா, "இருக்கிற டம்ளரைக் கழுவி வைக்கவே ஆளில்லை, இன்னும் எதுக்குக் கண்ணு?" என்றார். இது காபி குடிக்கிற டம்ளர் இல்லை, கல்லை உள்ளே போட்டு உருட்டுகிற மெஷின் என்று விளக்கியபோது அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. விஷயம் எளிதானதுதான். ஆற்றில் கிடக்கும் கூழாங்கல் பல காலம் உருண்டு வழவழப்பாகிறது அல்லவா, அதையே ஒரு சின்ன பேரலுக்குள் வைத்துச் செய்கிறோம். கல், தண்ணீர், அரைக்கிற பொடி மூன்றையும் போட்டு இறுக மூடி மோட்டாரில் இராப்பகலாக உருட்டினால் நாலைந்து வாரத்தில் கண்ணாடி மாதிரி மின்னுகிற கற்கள் கையில் கிடைக்கும்.

அந்த "நாலைந்து வாரம்" என்பதைக் கவனிக்காமல் வாங்குவதுதான் முதல் தவறு. பரிசுப் பெட்டியின் மேல் ஒரு குழந்தை மின்னும் கல்லைக் கையில் வைத்துச் சிரிக்கும், அதைப் பார்த்து நம் வீட்டுக் குழந்தையும் மறுநாள் காலையில் பேரலைத் திறந்தால் ரத்தினம் இருக்கும் என்று நினைத்துக்கொள்ளும். திறந்தால் சேற்றுத் தண்ணீர்தான் இருக்கும். ஆகவே வாங்குவதற்கு முன்பே குழந்தைகளிடம் கணக்கைச் சொல்லிவிடுங்கள்: கரடுமுரடான பொடியில் தொடங்கி பாலிஷ் வரை நாலு கட்டம், கட்டத்துக்கு ஏறக்குறைய ஒரு வாரம், முதல் கட்டம் மட்டும் இரண்டு மூன்று வாரம்கூட இழுக்கும். வீட்டு கிரைண்டர் மாவு ஆனதும் நின்றுவிடும். இது ஏழு நாள் நிற்காமல் ஓடுகிற வண்டி.

ஏழு நாள் ஓடும் என்றால் சத்தம் எப்படி இருக்கும்? அதைத்தான் நான் யோசிக்கவில்லை. எங்கள் முதல் மெஷின் விளையாட்டுச் சாமான் வகை, பேரல் முழுக்க கடினமான பிளாஸ்டிக். கல் போட்டு ஓட விட்டதும் தகர டப்பாவில் கோலிக்குண்டு கொட்டியது மாதிரி ஒரு சத்தம், அதுவும் நடு ராத்திரி இரண்டு மணிக்கு. ஹாலிலிருந்து பால்கனிக்கும் பால்கனியிலிருந்து மொட்டை மாடி ரூமுக்கும் மாறிக்கொண்டே போனது. ரப்பர் பேரல், இல்லையென்றால் உள்ளே தடிமனான ரப்பர் லைனிங் உள்ள பேரல் என்றால் சத்தம் பாதிக்கு மேல் அடங்கிவிடும், கல்லும் மோதி விளிம்பு உடையாது. விலை கூடத்தான், ஆனால் இந்த மெஷினில் பணம் போட வேண்டிய இடமே பேரலும் மோட்டாரும்தான். டைமர், டிஸ்ப்ளே, கூடக் கொடுக்கிற கீ செயின் எல்லாம் சும்மா.

பல வேகத்தில் ஓடும் என்று விளம்பரம் போடுவார்கள், அதில் மயங்க வேண்டாம். வேகம் கூடினால் சீக்கிரம் முடியும் என்று தோன்றும், நடப்பது வேறு. பேரல் மெதுவாகச் சுற்றும்போது கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து தேய்கின்றன, அந்தத் தேய்ப்புதான் வேலை செய்கிறது. வேகம் கூடினால் மேலே போய் டங்கென்று விழுந்து மூலை உடையும், இன்னும் கூடினால் சுவரோடு ஒட்டிக்கொண்டு சும்மா சுற்றும். முதல் கட்டத்தில் கொஞ்சம் வேகம் வைத்தாலும் பாலிஷ் கட்டத்தில் வைக்கவே கூடாது.

அளவு விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. கால் கிலோ பிடிக்கிற குட்டி பேரலில் கல்லுக்கு எடையே இருக்காது, எடை இல்லாமல் அழுத்தம் இல்லை, அழுத்தம் இல்லாமல் தேய்ப்பும் இல்லை. சரி, பெரிதாகவே வாங்கிவிடுவோம் என்று ஐந்தாறு கிலோ மெஷின் பக்கம் போனால் அதை நிரப்புகிற அளவுக்கு நல்ல கல்லும் பொடியும் வேண்டும். பேரல் மூன்றில் இரண்டு பங்காவது நிறைந்திருந்தால்தான் கல் ஒழுங்காகச் சரியும், பாதிகூட இல்லாமல் ஓட்டினால் மோதி உடைவதுதான் மிச்சம். ஒரு குடும்பத்துக்கு மூன்று பவுண்டு பேரல் சரியாக இருக்கும், அதாவது 1.3 கிலோ சொச்சம். அந்த எடையில் கல், தண்ணீர், பொடி எல்லாமே அடங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள், நான் கல் மட்டும் என்று எண்ணி அமுக்கி நிரப்பி பெல்ட்டை அறுத்தேன்.

ரோட்டரி, வைப்ரேட்டரி என்று இரண்டு வகை உண்டு. ரோட்டரி உருட்டும், கல் உருண்டையாகும். வைப்ரேட்டரி அதிர வைக்கும், சீக்கிரம் முடியும், ஆனால் கல்லின் வடிவத்தைப் பெரிதாக மாற்றாது, தண்ணீர் அளவை அடிக்கடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முதல் மெஷின் என்றால் ரோட்டரியே போதும்.

இப்போது நம் ஊர்க்காரர்கள் செய்கிற தனித் தவறு ஒன்று. அமெரிக்காவில் இருக்கிற மச்சினன், "அங்கே நல்ல மெஷின் கிடைக்கும் மாமா, பெட்டியில் போட்டு வாங்கி வருகிறேன்" என்பார். அன்பாகச் சொல்வதை எப்படி மறுப்பது? மறுக்கத்தான் வேண்டும், அல்லது லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நேராகச் சொருகினால் மோட்டார் புகைந்துவிடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் வோல்ட் இறங்கும், ஆனால் ஹெர்ட்ஸ் 50-லேயே நிற்கும், அதனால் அந்த ஏசி மோட்டார் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து, கூடுதல் சூட்டோடு ஓடும். கொஞ்ச நேரம் ஓடுகிற சாமான் என்றால் சமாளிக்கலாம், ஒரு மாதம் ஓடுகிற மெஷினுக்கு அந்தச் சூடு ஆபத்து. அடாப்டரில் ஓடுகிற சின்ன மெஷின்களில் 100-240 வோல்ட் என்று போட்டிருந்தால் கவலை இல்லை.

மோட்டார், பெல்ட், புஷ் இவை தேய்கிற சாமான்கள். வாங்கும்போதே இரண்டு பெல்ட் கூட வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஒரு வசதி, கோயம்புத்தூர் கிரைண்டர் ஊர், புவிசார் குறியீடே வாங்கிய ஊர். தெருவுக்கு ஒருவர் மோட்டார் கட்டிக் கொடுப்பார். அறுந்த பெல்ட்டைக் காட்டினால் அதே அளவில் ஒன்று தேடித் தருவார்கள், அதற்கு முன் "இது என்ன சார் மெஷின்?" என்று கால் மணி நேரம் விசாரிப்பார்கள். கரண்ட் செலவுக்குப் பயப்பட வேண்டியதில்லை: 40 வாட் மோட்டார் என்றால் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு யூனிட்.

கல்லுக்கு வருவோம், ஏனென்றால் நல்ல மெஷினை வாங்கிவிட்டு மட்டமான கல்லைப் போட்டு "மெஷின் சரியில்லை" என்பவர்கள்தான் அதிகம். என் மகன் முதலில் அள்ளிவந்தது பக்கத்து வீட்டுக் கட்டட வேலையில் கிடந்த ஜல்லி. ஜல்லியும் கிரானைட்டும் பல கனிமங்கள் சேர்ந்த கல், ஒன்று மெதுவாகத் தேயும், ஒன்று சீக்கிரம் தேயும், கடைசியில் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக வரும். மணற்கல் உதிர்ந்து சேறாகிவிடும். மார்பிள் துண்டு ரொம்ப மென்மை, கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கிற மோஸ் அளவுகோலில் 3 தான். குவார்ட்ஸ் 7. இரண்டையும் ஒரே பேரலில் போட்டால் மார்பிள் காணாமலே போகும். கத்தி முனையால் கீறிப் பாருங்கள், கோடு விழுந்தால் அந்தக் கல்லை ஒதுக்குங்கள். விரிசல் உள்ளதையும் ஒதுக்குங்கள், அது நாலாவது வாரத்தில் இரண்டாகப் பிளந்து கூட இருக்கிற கற்களையும் கீறும்.

ஆரம்பத்துக்கு அகேட், ஜாஸ்பர், குவார்ட்ஸ் போதும், நம் பக்கம் வெங்கச்சங்கல் என்கிறோமே அதுவும் குவார்ட்ஸ்தான். காங்கேயம், கரூர்ப் பக்கம் ரத்தினக்கல் கிடைக்கிற பூமி, கல் வியாபாரிகளிடம் பட்டை தீட்ட உதவாத துண்டுகள் இருக்கின்றனவா என்று கேட்டுப் பார்க்கலாம். ஆனால் சந்திரகாந்தக் கல் என்கிற மூன்ஸ்டோனை முதல் தடவையே போடாதீர்கள், அது பிளவுத் தளம் உள்ள கல், அதாவது சில திசைகளில் எளிதாகப் பிளக்கும், உருட்டலில் உடையும். இன்னொன்று, கல் சேகரிக்கிற ஆசையில் கொடுமணல் மாதிரி அகழாய்வு நடந்த மண்ணிலோ, திருவக்கரை கல்மரப் பூங்காவிலோ எதையும் பொறுக்காதீர்கள். கல்லான மரம் அருமையாக பாலிஷ் ஆகும் என்பது உண்மைதான், அதற்காகக் கிட்டத்தட்ட 2 கோடி ஆண்டு பழைய மரத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவது திருட்டு.

பொடிக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். கூட வருகிற பாக்கெட் ஒரு தடவைக்குத்தான் காணும். வேண்டியது சிலிக்கான் கார்பைடு, கடையில் கார்பொரண்டம் பவுடர் என்று கேட்டால் தெரியும். நம்பர் கூடக் கூடப் பொடி நைசாகும்: முதலில் 80-ம் நம்பர், பிறகு 220, பிறகு 500 அல்லது 600, கடைசியில் பாலிஷுக்கு அலுமினியம் ஆக்சைடு அல்லது சீரியம் ஆக்சைடு. மூன்று பவுண்டு பேரலுக்கு நாலு டேபிள்ஸ்பூன் பொடி, மேல் வரிசைக் கல் லேசாகத் தலைநீட்டுகிற அளவு தண்ணீர். ஆற்று மணலைப் போட்டால் ஆகாதா என்று ஒருவர் கேட்டார். மணலே பெரும்பாலும் குவார்ட்ஸ், கல்லும் குவார்ட்ஸ், யார் யாரைத் தேய்ப்பது?

80-ம் நம்பர் கட்டத்தை அவசரமாக முடிப்பதுதான் குழந்தைகள் உள்ள வீட்டில் நடக்கிற பெரிய தவறு. பாலிஷ் பள்ளத்தை மறைக்காது, பள்ளத்தையும் சேர்த்துப் பளபளப்பாக்கும். குஜராத்தில் கம்பாத்தில் முன்பெல்லாம் அகேட் மணிகளை எமரித் தூளோடு தோல் பையில் கட்டி, எதிரெதிரே உட்கார்ந்து கையாலேயே நாள் கணக்கில் உருட்டியிருக்கிறார்கள். நாம் சுவிட்சைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறோம், இன்னொரு வாரம் பொறுத்தால் என்ன? முதல் கட்டத்தில் கல் நாலில் ஒரு பங்குகூடக் கரையும் என்பதால் பேரல் குறையும், அந்த இடத்தைச் சின்னச் சின்ன செராமிக் துண்டுகளால் நிரப்புங்கள். ஆரம்பித்த முதல் இரண்டு மூன்று நாள் தினமும் ஒருமுறை மூடியைத் திறந்து பார்ப்பதும் நல்லது, சில கற்களில் வாயு கிளம்பி மூடி உப்பும்.

கட்டம் மாறும்போது கழுவுவதில் சோம்பல் படவே கூடாது. 80-ம் நம்பர் துகள் நாலைந்து தப்பி பாலிஷுக்குள் போனால் ஒரு மாத உழைப்பு கீறலோடு வெளியே வரும். பழைய டூத்பிரஷால் கல்லின் ஒவ்வொரு வெடிப்பையும், பேரலின் மூடி விளிம்பையும் தேய்த்துக் கழுவுங்கள். முடிந்தால் பாலிஷுக்குத் தனி பேரல்.

கழுவிய தண்ணீரை எங்கே ஊற்றினேன் தெரியுமா? சமையலறை சிங்க்கில். மூன்றாம் முறை குழாய் அடைத்தது, பிளம்பர் வந்து கழற்றிப் பார்த்துவிட்டு, "வீட்டில் சிமென்ட் வேலை நடக்குதா?" என்று கேட்டார். அந்தச் சேறு பைப்புக்குள் அப்படித்தான் இறுகும். அதைக் காயவிட்டுத் தூளாகப் பறக்க விடவும் கூடாது, கம்பாத்தில் அகேட்டை உலர்வாக அரைத்தவர்களுக்கு சிலிகோசிஸ் என்கிற நுரையீரல் நோய் வந்த கதை நாடறிந்தது. ஈரமாக இருக்கும்போதே கவரில் கட்டிக் குப்பையில் போட்டுவிட வேண்டும்.

இப்போது பழைய பெயின்ட் பக்கெட்டில் கழுவி, ஒரு ராத்திரி தெளியவிட்டு, மேலாக நிற்கிற தண்ணீரை மட்டும் இறுத்து ஊற்றுகிறோம். அடியில் தங்குவது சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று, பார்க்க ராகிக் கூழ் மாதிரியே இருக்கும். பக்கெட் மேல் மகள் மார்க்கரில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள்: "பாட்டி, இது கூழ் இல்லை."