திணிகோல் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது?

பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு, சக்கிமுக்கிக் கல் துப்பாக்கிக்கென்றே தனியாக ஒரு மான் வேட்டைப் பருவம் உண்டு. அதற்கு முந்தைய வாரம் குறிபார்த்துப் பழகப் போயிருந்தேன். ஏழெட்டு முறை சுட்ட பிறகு குழலைத் துடைப்பதற்காகக் காய்ந்த துணி ஒன்றைக் கோலின் நுனியில் வைத்து உள்ளே விட்டேன். அடிவரை சுகமாகப் போனது. திரும்பி வர மறுத்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர் துப்பாக்கியைப் பிடித்துக்கொள்ள, நான் கோலைப் பிடித்துக்கொண்டு, இருவரும் தேர் வடம் இழுப்பதுபோல் இழுத்தோம். கையோடு வந்தது வெறும் கோல். அதன் பித்தளைத் தலையும் துணியும் குழலின் அடியிலேயே தங்கிவிட்டன. ஒரு குவளைத் தண்ணீரும் அரை மணி நேரப் பொறுமையும் இருந்திருந்தால் முடிந்திருக்க வேண்டிய வேலை அது.

வாய்வழியாக மருந்தும் குண்டும் இட்டு நிரப்பும் ரைஃபிளை இப்போதுதான் வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். ராம்ராட் எனப்படும் திணிகோல்தான் இதில் குண்டைத் தள்ளுகிறது. துணி வைத்தால் குழலைத் துடைப்பதும் அதுவே.

ஏன் சிக்குகிறது?

கருமருந்து என்பது 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். எரிந்த பிறகு அதன் எடையில் பாதிக்கும் மேல் புகையாகவும் கசடாகவும், அதாவது திடப்பொருளாகவே மிஞ்சுகிறது. குழலில் ஒட்டும் பங்கு காய்ந்தால், கழுவாமல் இரவு முழுக்க விட்ட முறுக்கு அச்சில் மாவு இறுகுவதுபோல் இறுகிவிடும். காய்ந்த துணி அதைச் சுரண்டிக்கொண்டே கீழே போகிறது. மேலே இழுக்கும்போது துணி மடிந்து, சுரண்டிய கசடோடு சேர்ந்து ஆப்பாக மாறிவிடுகிறது. நீங்கள் எவ்வளவு வலுவாக இழுக்கிறீர்களோ அவ்வளவு வலுவாக ஆப்பு இறுகும்.

நல்ல செய்தி ஒன்று உண்டு: அந்தக் கசடில் பெரும்பங்கு உப்பு வகை. தண்ணீரில் கரையும். எண்ணெய் ஊற்றினால் அது கரையாது. பலரும் முதலில் தேடுவது எண்ணெயைத்தான்.

முதல் படி: உள்ளே மருந்து இருக்கிறதா?

இதைத் தாண்டி அடுத்த படிக்கு யாரும் போகக்கூடாது. 1863இல், அமெரிக்க உள்நாட்டுப் போரில், கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்தபின் களத்தில் பொறுக்கிய 27,000க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளில் பெரும்பாலானவை நிரப்பியபடியே கிடந்தன. பலவற்றில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு, மூன்று குண்டுகள். நிரம்பியிருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத துப்பாக்கி இது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கோலின் முழு நீளத்திலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைக் கழியுங்கள். மிஞ்சுவது உள்ளே இருக்கும் நீளம். அதைக் குழலின் வெளிப்புறத்தில், வாயிலிருந்து வைத்து அளந்து பாருங்கள். நெருப்பு உள்ளே போகும் பக்கவாட்டுத் தீத்துளை வரை வந்தால் அடியில் ஒன்றும் இல்லை. ஓரிரு அங்குலம் குறைந்தால் கீழே குண்டும் மருந்தும் இருக்கலாம். கோல் பாதி வழியில் நின்றுவிட்டால் இந்தக் கணக்கு உதவாது. நிரம்பியிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சக்கிமுக்கி வகையானால் குதிரையிலிருந்து (கல்லைப் பிடித்திருக்கும் சுத்தியல்) கல்லைக் கழற்றி, மருந்துக் கிண்ணத்தைத் துடைத்துவிடுங்கள். கேப் வகையானால் கேப்பை (சுத்தியல் அடித்ததும் நெருப்புத் தரும் சிறு உலோகத் தொப்பி) எடுத்துவிட்டு, அது உட்காரும் நிப்பிளையும் கழற்றுங்கள். பிறகு ஊசியில்லாத சிரிஞ்சால் அந்தத் துளை வழியே தண்ணீரைச் செலுத்துங்கள். வெடியுப்பு கரைந்தால் மருந்து செத்துவிடும். அப்படியும் முகம், வயிறு, உள்ளங்கை எதுவும் குழல் வாய்க்கு நேராக வரக்கூடாது.

இரண்டாம் படி: தண்ணீர்

துப்பாக்கியை நிமிர்த்தி வைத்து, கோலுக்கும் குழலுக்கும் இடையிலுள்ள இடைவெளியில் வெந்நீரை மெல்ல ஊற்றுங்கள். இரண்டு சொட்டுப் பாத்திர சோப்பு சேர்த்தால் இன்னும் நல்லது. இருபது நிமிடம் விட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள். இரவு முழுக்க ஊறவிட வேண்டாம். மரக்கோல் உப்பிக்கொள்ளும், இரும்பும் துருப்பிடிக்கும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் மகிழுங்கள். கசடிலுள்ள கந்தகச் சேர்மங்கள் கரையத் தொடங்கிவிட்டன.

மூன்றாம் படி: முதலில் தள்ளுங்கள், பிறகு இழுங்கள்

அடியில் இடம் இருந்தால் கோலை அரை அங்குலம் கீழே தள்ளுங்கள். மடிந்த துணி விரிந்துகொள்ளும். பிறகு வலப்பக்கமாக மட்டும் திருகியபடி நேராக மேலே இழுங்கள். இடப்பக்கம் திருகினால் பித்தளைத் தலை மரையிலிருந்து கழன்று உள்ளேயே நின்றுவிடும். (உள்ளே மருந்து இருக்கக்கூடும் என்றால் தள்ளும் வேலையை விட்டுவிடுங்கள்.)

வெறுங்கையால் இழுத்தால் வழுக்கும். கோலின் மறுமுனையில் மரை இருந்தால் டி வடிவக் கைப்பிடியைத் திருகிக்கொள்ளலாம். இல்லையென்றால் கோலைத் தோல் சுற்றிய இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே வைத்து வைஸில் இறுக்கி, துப்பாக்கியை நேர்கோட்டில் பின்னுக்கு இழுங்கள். பக்கவாட்டில் வளைக்க வேண்டாம். ஹிக்கரி மரக்கோல் உடைந்தால் நீளச் சிம்பாகப் பிளந்து உள்ளங்கைக்குள் ஈட்டிபோல் இறங்கும். தோல் கையுறையைச் சோம்பலால் தவிர்க்காதீர்கள். அசையவில்லையா? மறுபடியும் தண்ணீர், மறுபடியும் இருபது நிமிடம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பதை நான் அன்று என் காசு கொடுத்துக் கற்றேன்.

நான்காம் படி: கிரீஸ்

தலை உள்ளேயே கழன்றுவிட்டதா? இனி இழுக்க ஒன்றும் இல்லை. பின்னாலிருந்துதான் தள்ள வேண்டும். துப்பாக்கி நிப்பிளுக்குப் பதிலாக வாகனப் பட்டறையின் கிரீஸ் நிப்பிளைத் திருகிக்கொள்ளலாம் என்பது இதில் எனக்குப் பிடித்த ஒற்றுமை. பல துப்பாக்கிகளில் இரண்டுக்கும் ஒரே மரை: கால் அங்குல விட்டம், அங்குலத்துக்கு 28 சுற்று. சக்கிமுக்கி வகையில் தீத்துளையின் உள்ளுறை திருகிக் கழற்றும் வகையாக இருந்தால் அங்கும் இதே அளவு கிடைக்கக்கூடும். ஐரோப்பியத் தயாரிப்புகளில் மெட்ரிக் மரை இருக்கலாம். பொருந்தாததை வலிந்து திருகிக் குழலைக் கெடுக்காதீர்கள்.

கை கிரீஸ் கன்னால் நிதானமாக அழுத்துங்கள். கிரீஸ் சுருங்காது, அதனால் சிக்கிய பொருள் பாயாமல், பற்பசைபோல் மெல்ல ஊர்ந்து வெளியே வரும். ஒரு கிரீஸ் குழாய் தாராளமாகப் போதும். கரியமில வாயுவால் தள்ளும் கருவியும் விற்கிறார்கள். மருந்தின்மேல் உட்காராத தனிக் குண்டுக்கு அது சரி. கோல் சிக்கியிருக்கும்போது அதைப் பயன்படுத்தினால் கோல் அம்பாகிவிடும்.

இதே காரணத்தால், கொஞ்சம் மருந்து போட்டுச் சுட்டு வெளியேற்றலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். குழலே வெடிக்கலாம். கிரீஸுக்கும் அசையவில்லை என்றால் துப்பாக்கிப் பட்டறைக்கு எடுத்துச் செல்லுங்கள். குழலின் அடிமூடியைக் கழற்றுவது வீட்டு வேலை அல்ல.

வெளியே வந்தபின்

கிரீஸை மண்ணெண்ணெயால் துடைத்து, வெந்நீரால் கழுவி, ஈரம் போக உலர்த்தி எண்ணெய் பூசுங்கள். பித்தளைத் தலை பசையால் மட்டும் கோலில் ஒட்டியிருந்தால், குறுக்கே சிறு துளையிட்டு ஓர் ஆணி அடித்துவிடுங்கள். என் கோலில் அந்த ஆணி இல்லை.

இனி துடைக்கும்போது துணி ஈரமாக இருக்கட்டும், சொட்ட வேண்டாம். ஒரேயடியாக அடிவரை விடாமல், அரை அடி உள்ளே, கொஞ்சம் வெளியே என்று போங்கள். புதுத் துணியானால் முதலில் குழல் வாயில் ஓர் அங்குலம் மட்டும் விட்டு இழுத்துப் பாருங்கள். அங்கேயே இறுக்கமாக இருந்தால் மெல்லிய துணிக்கு மாறுங்கள். வீட்டிலும் பயிற்சி இடத்திலும் மரக்கோலுக்குப் பதில் எஃகுக் கோல் வைத்துக்கொள்வது நல்லது. குழல் வாயில் உரசாமல் இருக்க அதற்கொரு பித்தளை வளையமும் வேண்டும்.

கழுவும் வேலையைக் கொல்லையில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சமையலறைத் தொட்டியில் கழுவிய அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.