பாஸ்டனில் இரண்டு நாள்: இராயபுரத்துப் பெற்றோருக்கு ஒரு பயணத் திட்டம்

அமெரிக்காவிலுள்ள பிள்ளைகளைக் காண இராயபுரத்திலிருந்தும் வண்ணாரப்பேட்டையிலிருந்தும் செல்லும் பெற்றோர், பாஸ்டனுக்கு இரண்டு நாள் ஒதுக்குவதானால், குளிர் கடுமையாகாத செப்டம்பர், அக்டோபர் மாதங்களைத் தேர்ந்தெடுக்கலாம். வாடகைக் கார் வேண்டாம். பழைய நகரின் குறுகிய தெருக்களில் அதை நிறுத்த இடம் தேடுவதிலேயே பாதி நாள் கரைந்துவிடும்.

முதல் நாளை, 1634இல் உருவான பாஸ்டன் காமன் பூங்காவில் தொடங்கி, தரையில் பதித்த சிவப்புக் கோட்டின் வழியே சுமார் 4 கிலோமீட்டர் சென்று அமெரிக்க விடுதலை வரலாற்று இடங்களை இணைக்கும் ஃப்ரீடம் ட்ரெயில் பாதைக்கே கொடுத்துவிடலாம். தங்கசாலைத் தெரு நெரிசலில் நடந்து பழகியவர்களுக்கு இந்தத் தொலைவு பெரிதன்று, ஆயினும் அமெரிக்க விடுதலைப் போராட்ட வீரர் பால் ரிவியரின் வீட்டுக்கும் ஓல்டு நார்த் தேவாலயத்துக்கும் போதிய நேரம் விட வேண்டும். பாதை முடியும் சார்லஸ்டவுன் மறுநாளைக்கு. அங்கே, 1797இல் நீரிலிறங்கிய கான்ஸ்டிடியூஷன் போர்க்கப்பலில் ஏறப் புகைப்பட அடையாளச் சான்று கேட்பார்கள் என்பதால், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். பங்கர் ஹில் நினைவுத்தூணின் 294 படிகளை முழங்கால் வலியுள்ளவர்கள் தவிர்க்கலாம்.