ஓல் டெரெய்ன் டயர் வாங்கும்போது பக்கவாட்டு எழுத்தைப் பாருங்கள்

வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைப் பக்கம் ஜீப்புக்கோ டபுள் கெப்புக்கோ ஓல் டெரெய்ன் டயர், அதாவது தார் வீதிக்கும் கரடுமுரடான பாதைக்கும் பொதுவான டயர் தேடிப் போனால், அதன் மேற்பரப்பிலுள்ள முரட்டு இறப்பர்க் கட்டைகளைக் கண்டு உடனே மயங்கிவிடாதீர்கள். பக்கவாட்டில் அச்சிட்டிருப்பதைத்தான் முதலில் ஒப்பிட வேண்டும்.

265/65ஆர்17 என்ற ஒரே அளவிலேயே இரண்டு வகை உண்டு. அளவுக்கு முன் 'எல்டி' என்று இருந்தால் அது பாரம் சுமக்கும் லொறி வகை, இல்லாவிட்டால் சாதாரண வகை. அளவுக்குப் பின்னால் வரும் சுமைக் குறியீடு 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். 120 என்றால் 1,400 கிலோ. ஆனால் எல்டி டயரின் பக்கச்சுவர் தடிப்பு, எடையும் கூட. அதே சுமைக்குக் காற்றும் கூடுதலாக அடிக்க வேண்டும். கொழும்புக்குள் வேலைக்குப் போய்வர, எப்போதாவது வில்பத்துக் காட்டுக்குப் போக என்றால் அது தேவையே இல்லை என்பேன். உடம்பு குலுங்குவதுதான் மிச்சம். தினமும் சாமான் ஏற்றுபவர்களுக்கும் கல்லுப் பாதையில் ஓடுபவர்களுக்கும் எல்டிதான் சரி.

அப்புறம் மழை. காலி வீதி நனைந்து கிடக்கும்போது பிடிமானம் தருவதில், கட்டைகளில் கத்தியால் கீறியது போலிருக்கும் மெல்லிய வெட்டுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அவை நிறைய உள்ளதையே எடுங்கள்.

பக்கவாட்டில் 'டொட்' (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவிலுள்ள நான்கு இலக்கங்கள் தயாரித்த காலம்: 2324 என்றால் 2024இன் 23ஆவது வாரம். நான்கு டயரிலும் பாருங்கள், ஸ்பெயாரிலும்தான்.