வாந்தி வராமல் வால்பாறை ஏறுவது எப்படி?

ஆழியாறு அணையைத் தாண்டியதும் தொடங்கும் வால்பாறைச் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. கார் ஓட்டுவதில் ஆசை உள்ளவருக்கு அவை 40 விருந்துகள். பின்சீட்டில் புளியோதரைத் தூக்கை மடியில் வைத்திருக்கும் மாமியாருக்கோ 40 சோதனைகள். இருவரையும் முகம் வாடாமல் மேலே கொண்டு சேர்ப்பவரைத்தான் நான் நல்ல ஓட்டுநர் என்பேன்.

புறப்படும் முன் டயரின் காற்றழுத்தத்தை, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் முழுப் பாரத்துக்கெனக் குறிப்பிட்டுள்ள அளவுக்கு நிரப்புங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்; ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை குறைவதால், நீண்ட இறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாகி, பெடலை மிதித்தாலும் பிரேக் பிடிக்காமல் போகலாம். ஆகவே மாற்றி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தால் அதை மாற்றிவிட்டே மலைக்குக் கிளம்புங்கள்.

அடுத்தது, யாரை எங்கே உட்கார வைப்பது என்பது. உட்காதிலுள்ள சமநிலை உறுப்பு உடல் அசைவதாகச் சொல்ல, கைபேசியில் பதிந்திருக்கும் கண் எதுவும் அசையவில்லை என்று சொல்லும்போது, அந்த முரண்பாட்டில்தான் குமட்டல் பிறக்கிறது. எனவே எளிதில் தலைசுற்றுபவருக்கு, அவர் பெரியவராக இருந்தால், முன்சீட்டைக் கொடுங்கள். பிள்ளைகளைப் பின்சீட்டில் பெல்ட் போட்டு அமர்த்தி, கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டு, வளைவுகளில் நிற்கும் எண் பலகைகளை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அடுத்த எண்ணை முதலில் பார்ப்பவர் யார் என்ற போட்டி தொடங்கிவிட்டால், சண்டை வருமே தவிர வாந்தி வராது. கண் வெளியே இருப்பதுதான் இங்கே மருந்து. காலை உணவுக்கு இரண்டு இட்லி போதும், பூரி கிழங்கைத் திரும்பி வரும் நாளுக்கு ஒதுக்கிவையுங்கள்.

இனி வளைவு. பிரேக்கை வளைவுக்கு முன்பே, கார் நேராக ஓடும்போதே மிதித்து வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். பிறகு இரண்டாவது கியருக்கு, வளைவு செங்குத்தாக இருந்தால் முதல் கியருக்கு மாற்றி, ஸ்டியரிங்கைத் துண்டு துண்டாகத் திருகாமல் ஒரே சீரான அசைவில் திருப்பி, சாலை நேராகத் தெரியத் தொடங்கியதும் ஆக்ஸிலரேட்டரை மெல்ல அழுத்துங்கள். வளைவின் நடுவில் பிரேக் அடித்தால் காரின் எடை முன்னால் சாய்கிறது. அதோடு பின்சீட்டில் இருப்பவர்களின் தலையும், வயிறும், புளியோதரையும் சேர்ந்தே சாய்கின்றன. மறைவான திருப்பத்தில் ஹாரன் அடித்து, உங்கள் இடப்பக்கத்திலேயே செல்லுங்கள். பேருந்து திரும்புவதற்கு வளைவின் முழு அகலமும் தேவைப்படும் என்பதால், அது வருவது தெரிந்தால் வளைவுக்கு வெளியே நின்று வழிவிடுங்கள். ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்பதை இறங்கும்போதும் மறக்க வேண்டாம்.

9ஆவது வளைவில் உள்ள லோம்ஸ் காட்சிமுனையில் கட்டாயம் நிறுத்துங்கள். கீழே ஆழியாறு நீர்த்தேக்கம் விரிந்து கிடக்கும். வரையாடுகள் சாலையோரச் சுவரிலேயே வந்து நிற்பதும் உண்டு. முறுக்கை நீட்டப் போகும் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அவற்றுக்கு நம் தின்பண்டம் ஆகாது.

இறங்கும்போது, ஏறிய அதே கியரில் இறங்குங்கள். ஆட்டோமேட்டிக் காரில் குறைந்த கியருக்கான எல் (L) நிலையையோ, கியரை நாமே தேர்ந்தெடுக்கும் மேனுவல் முறையையோ பயன்படுத்தலாம். பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விட்டால், எஞ்சின் தரும் பிடிப்பு போய், மொத்தச் சுமையும் பிரேக்கின் மேல் விழும். பிரேக்கில் காலை வைத்தபடியே வராமல், தேவையானபோது அழுத்தமாக மிதித்து விட்டுவிடுங்கள். கருகிய வாடை வந்தால் அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தி, சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாமல் அது தானாக ஆறும் வரை காத்திருங்கள். புளியோதரைத் தூக்கைத் திறப்பதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது.