பூனையை வீட்டில் விட்டுவிட்டு இரண்டு நாள் ஊர் சுற்றிவருவது எப்படி?

மாதத்தில் ஒரு சனி ஞாயிறு எங்கள் கூட்டம் எங்காவது கிளம்பிவிடும். கல்லூரியிலிருந்து தொடரும் பழக்கம், மொத்தம் ஐந்து பேர். என் பூனை மிளகு வீட்டுக்கு வந்த பிறகு ஆறு மாதம் நான் மட்டும் எங்கேயும் போகவில்லை. அவனை யாரிடம் விடுவது என்று தெரியவில்லை. இப்போது மறுபடியும் போய்க்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமை காலை கிளம்பி ஞாயிறு இரவு திரும்பும் பயணத்துக்கு ஒரு வழிமுறை பிடிபட்டிருக்கிறது. வீட்டில் ஒரு பூனையும் ஊர் சுற்ற ஆசையும் உள்ளவர்களுக்காக அதை எழுதுகிறேன்.

கூடவே கூட்டிப் போகலாமா?

வேண்டாம். பூனை வீட்டோடு பழகும் பிராணி. தெரியாத அறையில் அது முதல் நாள் முழுக்கக் கட்டிலுக்கடியில்தான் இருக்கும். ஜன்னலோ கதவோ திறந்திருந்தால் ஓடிவிடும், ஊர் தெரியாததால் திரும்பி வரவும் வராது. இரண்டு நாளுக்கு அதன் வீடே அதற்கு நல்ல இடம். ஒரு வாரத்துக்கு மேல் போவதென்றால் மட்டும் பூனை விடுதியைப் பாருங்கள். தடுப்பூசிச் சீட்டைக் கேட்காத விடுதியில் மட்டும் விடாதீர்கள்.

இரண்டு வாரம் முன்பு: ஆளைப் பழக்குங்கள்

நான் வழுக்கிய படி இதுதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் தடவை ஏலகிரிக்குப் போனோம். எதிர்வீட்டு மாமியிடம் சாவியைக் கொடுத்து, "காலையும் சாயங்காலமும் தீனி மட்டும் வைங்க மாமி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மாமி மிளகை மாடிப்படியில் பலமுறை பார்த்திருக்கிறார், மிளகும் அவரைப் பார்த்திருக்கிறான். அது போதும் என்று நினைத்திருந்தேன்.

ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறியிருப்போம், மாமியிடமிருந்து போன். "உன் பூனையைக் காணலியேடி. பாத்ரூம், பீரோ பின்னாடி எல்லாம் பார்த்துட்டேன். நான் கதவைத் திறக்கறச்சே வெளியே ஓடிடுத்தோ என்னவோ." அவர் குரல் நடுங்கியது. வண்டியை ஓரங்கட்டச் சொல்லி இறங்கி நின்று, ஒவ்வொரு இடமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில் அடுப்படிப் பரணில், பித்தளை அண்டாவுக்குப் பின்னால், இரண்டு கண் மட்டும் தெரிந்ததாம். அவன் இறங்கவே இல்லை. ஞாயிறு இரவு பத்து மணிக்கு நான் வந்து குரல் கொடுத்த பிறகுதான் இறங்கினான். வைத்த தீனி வைத்தபடியே இருந்தது.

முப்பது மணி நேரத்துக்கு மேல் பட்டினி. இதைச் சாதாரணமாக விடக் கூடாது. பூனை தொடர்ந்து இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் உடம்பின் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து ஈரலையே கெடுத்துவிடும். குண்டுப் பூனைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

அவன் மாமியைக் கண்ணால் பார்த்திருந்தான், ஆனால் அவர் வாசனை அவனுக்குத் தெரியாது. நான் வீட்டில் இல்லாதபோது கதவைத் திறந்துகொண்டு வருகிற யாரும் அவனுக்கு அந்நியர்தான். அதனால் இப்போது இப்படிச் செய்கிறேன். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பிருந்து வாரத்துக்கு மூன்று நாள், மாமி சாயங்காலம் வந்து பத்து நிமிடம் உட்காருவார். பூனையைக் கூப்பிடக் கூடாது, தூக்கக் கூடாது, உற்றுப் பார்க்கவும் கூடாது. தரையில் உட்கார்ந்து என்னோடு பேசிக்கொண்டிருந்தால் போதும். மூன்றாவது தடவை மிளகு தானாக வந்து அவர் புடவைத் தலைப்பை மோந்து பார்த்தான். அதற்குப் பிறகுதான் கிண்ணத்தை மாமி கையால் வைக்கச் சொன்னேன். நான் பக்கத்திலேயே நின்றேன். அடுத்த நாள் அடுத்த அறையில் இருந்தேன். அதற்கடுத்து, மாமி உள்ளே வரும் நேரத்தில் நான் கீழே கடைக்குப் போய்விட்டேன். நான் வீட்டில் இல்லாதபோதும் அவர் வைத்ததைத் தின்றான் என்று உறுதியான பிறகுதான் டிக்கெட் போட்டேன்.

தீனி

மிளகுக்கு வழக்கமாக வேகவைத்த காரப்பொடி என்கிற சின்ன மீன், உப்பு மசாலா எதுவும் இல்லாமல். மாமி சைவம், மீனைத் தொடச் சொல்வது நியாயமில்லை. அதனால் அந்த இரண்டு நாளும் உலர் தீனி. திடீரென்று மாற்றினால் வயிறு கெடும். ஏழிலிருந்து பத்து நாளைக்கு மீனோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்குங்கள். ஒவ்வொரு வேளைக்கும் அளந்து தனித்தனி டப்பாவில் போட்டு, "சனி காலை", "சனி மாலை" என்று எழுதி வைத்துவிடுகிறேன். வருகிறவருக்கு யோசிக்க வேலை இல்லை.

பால் வேண்டாம் என்று வாய்விட்டே சொல்லிவிடுங்கள். நம் ஊரில் பூனை என்றாலே பாசத்தோடு பால் ஊற்றுவார்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்குதான் வரும். வெங்காயம், பூண்டு சேர்ந்த எதுவும் கூடாது. அவை பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும்.

அப்புறம் எறும்பு. சென்னை வீடுகளில் கிண்ணத்தை வைத்து அரை மணி நேரத்தில் வரிசை கட்டிவிடும், எறும்பு மொய்த்த தீனியைப் பூனை தொடாது. அகலத் தட்டில் ஒரு விரல் உயரம் தண்ணீர் ஊற்றி, நடுவில் கிண்ணத்தை வையுங்கள். எறும்புச் சாக்பீஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் இருக்கும் பூச்சிமருந்து பூனையின் பாதத்தில் ஒட்டும், அது பாதத்தை நக்கும். அந்த வகை மருந்துகளில் சில பூனைக்குக் கொடிய விஷம்.

தானியங்கித் தீனிப்பெட்டி எனக்குப் பிடிக்கவில்லை. கரண்ட் போனால் சில நின்றுவிடுகின்றன, சிலவற்றில் தீனி வாயிலேயே அடைத்துக்கொள்கிறது. பூனை சாப்பிட்டதா இல்லையா என்பதை அது வந்து சொல்லப் போவதும் இல்லை. கிண்ணம் எவர்சில்வரில், அகலமாக இருக்கட்டும். பிளாஸ்டிக் கீறல் விழுந்தால் அழுக்கு தங்கும்.

தண்ணீர்

ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு ஏறக்குறைய 50 மில்லி, அதாவது 4 கிலோ பூனைக்கு 200 மில்லி தேவை. மீன் தின்னும் நாளில் அதில் பெரும்பகுதி மீனிலேயே கிடைத்துவிடும். உலர் தீனிக்கு மாறும்போது அது கிடைக்காது, குடித்துத்தான் ஆக வேண்டும். மூன்று இடங்களில் தண்ணீர் வையுங்கள், தீனிக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். என் தேர்வு மண்சட்டி. தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கிறது, சட்டி கனமாக இருப்பதால் கவிழ்வதும் இல்லை.

மணல் தட்டு

கட்டியாக உறையும் களிமண் வகை மணலையே வாங்குங்கள். விலை கூடத்தான். ஆனால் எண்ணிப் பார்க்கலாம். ஒரு நாளில் எத்தனை கட்டி என்று பார்த்தால் பூனை சிறுநீர் கழிக்கிறதா என்பது தெரிந்துவிடும். கடுவன், அதாவது ஆண் பூனை வைத்திருப்பவர்களுக்கு இது மிக முக்கியம். கடுவனுக்குச் சிறுநீர்ப்பாதை குறுகியது, அடைத்துக்கொண்டால் ஒன்றிரண்டு நாளில் உயிருக்கே ஆபத்து. தட்டில் மறுபடி மறுபடி போய் முக்கி, ஒன்றும் வராமல் கத்தினால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. மாமிக்கு ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன்: "மணலில் கட்டி இல்லை என்றால் உடனே போன்." கீழே பக்கத்துக் கால்நடை மருத்துவரின் எண், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் முகவரி, கொஞ்சம் பணம், பூனைக்கூடை இருக்கும் இடம்.

கூடை மேல்பக்கமும் திறப்பதாக இருக்கட்டும். பயந்த பூனையை முன்வாசல் வழியாகத் திணிக்க முடியாது, மேலிருந்து இறக்கிவிடலாம். முதுகில் மாட்டும் கண்ணாடிப் பை நம் வெயிலில் அடுப்புதான்.

கிளம்பும் நாள்

பரண், வாஷிங் மெஷின், பீரோ மூன்றையும் மூடுங்கள். உள் கதவுகள் காற்றில் அடித்துச் சாத்திக்கொள்ளாமல் முட்டுக் கொடுங்கள், பூனை மணல் தட்டில்லாத அறையில் மாட்டிக்கொள்ளக் கூடாது. தையல் நூல், ரப்பர் பேண்ட் எதுவும் வெளியே வேண்டாம். விழுங்கினால் குடலைச் சுருட்டிவிடும். கொசுவலையை நம்பி ஜன்னலைத் திறந்து வைக்காதீர்கள், நகத்தால் கிழித்துவிடும். நான் நைலான் வலை அடித்திருக்கிறேன். பயணப் பையை இரண்டு நாள் முன்பே வெளியே எடுத்துப் போட்டுவிடுகிறேன். மிளகு அதில் ஏறிப் படுத்து, முடியெல்லாம் ஒட்டி, அது அவனுக்குப் பழகிப்போகிறது. துவைக்காத என் சுடிதார் ஒன்றைக் கட்டிலில் விட்டுப் போகிறேன். திரும்பி வரும்போது அதன் நடுவில் பூனை அளவுக்கு ஒரு குழி இருக்கும்.

திரும்பியதும் ஓடிப்போய்த் தூக்காதீர்கள். பஸ், மலை, வேறு ஊர் என்று உங்கள் மேல் நூறு வாசனை இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்காருங்கள், அதுவே வந்து உரசட்டும்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்த ஒரு தோழி வேலூரிலிருந்து கேட்டார்: எதிர்வீட்டில் யாரும் இல்லையென்றால்? நண்பர் கூட்டத்திலேயே முறை வைத்துக்கொள்ளுங்கள். எங்களில் ஒருத்திக்கு வண்டிப் பயணம் ஒத்துக்கொள்ளாது, அவள் மிளகோடு என் வீட்டில் தங்கி ஞாயிறு இரவு எங்களுக்குச் சோறு வடித்து வைத்திருப்பாள். அவளுக்கும் அதே இரண்டு வாரப் பழக்கம் தேவைப்பட்டது.

இன்னொருவர் இரண்டு மாதக் குட்டியை இப்படி விடலாமா என்று கேட்டிருந்தார். கூடாது. குட்டிக்கு நாளுக்கு நாலு வேளை தீனி வேண்டும், கண்காணிப்பும் வேண்டும். ஒரு வயது ஆகும்வரை இரவு தங்கும் ஆள் இல்லாமல் நான் போகவில்லை. அந்த மாதங்களில் எங்கள் கூட்டம்தான் என் வீட்டுக்கு வந்தது.