சித்திரை வெயிலில் பையன்களோடு ஜவ்வரிசி வடகம்: முதல்முறை போடுகிறவர்களுக்கு

சித்திரை பிறந்து பரீட்சை முடிந்தால் எங்கள் வீடு நிறைந்துவிடும். ஈரோட்டிலிருந்து அம்மா வருவார். சென்னையிலிருந்து அண்ணி தன் மகனைக் கூட்டிக்கொண்டு வருவார். என் பையன்கள் இரண்டு பேர், ஒருவன் ஏழாவது, ஒருவன் நான்காவது. அண்ணி மகன் ஆறாவது. மூன்று பேரையும் காலையில் பிடித்து வைக்க ஒரு நல்ல வேலை வேண்டும். நான்கு வருஷமாக எங்களுக்கு அது வடகம்தான். வடாம், வத்தல் என்று உங்கள் வீட்டில் எப்படிச் சொன்னாலும் சரி.

முதல் வருஷம் நான் போட்டதில் பாதி காய்ந்ததும் விரிசல் விட்டு உதிர்ந்தது. பையன்கள் கஷ்டப்பட்டு ஊற்றியது அப்படிப் போனதில் எனக்கு மிகவும் வருத்தம். அதனால் அந்த ஒரு இடத்தை மட்டும் கீழே விரிவாகச் சொல்லியிருக்கிறேன்.

வாங்க வேண்டியது

மாவு ஜவ்வரிசி அரை கிலோ. நைலான் ஜவ்வரிசி வேண்டாம். அது பாயசத்துக்கு நல்லது, முத்து முத்தாக நிற்கும். வடகத்துக்கு முத்து கரைந்து கூழாக வேண்டும். நாங்கள் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மொத்தக் கடையில் வாங்குகிறோம். கடைக்காரரிடம் "வடகத்துக்கு" என்று சொன்னால் சரியானதை எடுத்துக் கொடுப்பார்.

அப்புறம் பச்சை மிளகாய் பத்து, சீரகம் ஒன்றரை ஸ்பூன், பெருங்காயம், எலுமிச்சம்பழம் இரண்டு, கல்லுப்பு. பழைய பருத்தி வேட்டி ஒன்று. பிளாஸ்டிக் ஷீட்டில் போடுகிறவர்கள் உண்டு, காய்ந்தால் தானே உரிந்து வரும் என்பார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. கொதிக்கிற வெயிலில் சாப்பாட்டுப் பொருளைப் பிளாஸ்டிக்கில் கிடத்த மனம் வருவதில்லை. அடியில் காற்றும் போகாது.

முந்தின இரவு

ஜவ்வரிசியை ஒரு முறை மட்டும் அலசி, ஒரு டம்ளருக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் வீதம் ஊற்றி ஊறவையுங்கள். அரை கிலோ என்பது எங்கள் டம்ளரில் மூன்று. ஆக ஆறு டம்ளர் தண்ணீர்.

இந்த வேலையைப் பையன்களிடம் கொடுங்கள். அண்ணி மகன் முதல் தடவை கையை உள்ளே விட்டு, "அத்தை, இது எந்தச் செடியில காய்க்கும்?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். மரவள்ளிக்கிழங்கை அரைத்துப் பால் எடுத்து, அது படிந்ததும் கிடைக்கிற ஈர மாவைத் தூளி மாதிரி கட்டிய துணியில் போட்டு ஆட்டினால் உருண்டு உருண்டு முத்தாகும். இப்போது ஆட்டுவதற்கு மெஷின் வந்துவிட்டது. அதை இரும்புத் தட்டில் வறுத்து, களத்தில் காயவைத்தால் ஜவ்வரிசி. 1940களில், உலகப்போரால் வெளிநாட்டு ஜவ்வரிசி வராமல் போன சமயத்தில் சேலத்தில் இந்தத் தொழில் பிடித்தது. 1981ல் உற்பத்தியாளர்களுக்கென்று சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆத்தூர் பக்கம் பஸ்ஸில் போனால் வெள்ளை வெளேரென்று மாவு காயும் களங்களைப் பார்க்கலாம். மறுநாள் அவனே அவன் அம்மாவுக்கு இதை ஒப்பித்தான்.

கூழ் காய்ச்சுவது

விடியற்காலை ஐந்தரைக்கு அடுப்பைப் பற்ற வையுங்கள். இதுதான் முதல் வருஷம் நான் தவறவிட்டது. காலையில் அவசரம் வேண்டாம் என்று இரவே காய்ச்சி மூடி வைத்தேன். விடிந்து பார்த்தால் அல்வா மாதிரி இறுகிக் கிடந்தது. பச்சைத் தண்ணீர் ஊற்றிக் கரைத்தேன். கரைந்த மாதிரிதான் தெரிந்தது, ஆனால் ஒன்று சேரவில்லை. உள்ளே கட்டியும் வெளியே தண்ணியுமாக இருந்ததை ஊற்றியதால்தான் காயும்போது விரிசல் விட்டது. கூழ் எப்போது கெட்டியானாலும் கொதிக்கிற வெந்நீர் ஊற்றி, அடுப்பிலேயே வைத்துக் கிளறித்தான் இளக்க வேண்டும்.

அடிகனமான பாத்திரத்தில் பன்னிரண்டு டம்ளர் தண்ணீர் கொதித்ததும் ஊறிய ஜவ்வரிசியை அதில் இருக்கிற தண்ணீரோடு சேர்த்து, தீயைக் குறைத்து, அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருங்கள். மரக் கரண்டிதான் நல்லது. பச்சை மிளகாயை உப்போடு அரைத்து வடிகட்டி ஊற்றுங்கள். திப்பி இருந்தால் சின்னவர்கள் வாயில் காரம் மாட்டும். உப்பு மூன்று ஸ்பூன் போதும். ருசி பார்க்கும்போது "கொஞ்சம் குறைகிறதே" என்று தோன்ற வேண்டும். காய்ந்தால் தண்ணீர் போய்விடும், உப்பு அங்கேயே நிற்கும்.

எப்போது இறக்குவது? கரண்டியில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். முத்தின் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் வேகவில்லை. அந்தப் புள்ளிதான் பொரித்த பிறகு பல்லில் கல் மாதிரி கடிபடும். புள்ளி மறைந்து எல்லாம் கண்ணாடி போல ஆனதும் ஒரு ஸ்டீல் தட்டில் ஒரு சொட்டு விடுங்கள். அது மெல்லப் பரவி, எட்டணா அளவு வந்ததும் தானாக நிற்க வேண்டும். ஓடிக்கொண்டே போனால் இன்னும் காய்ச்சுங்கள். விழுந்த இடத்திலேயே குமிழாக நின்றால் வெந்நீர் சேருங்கள். சொட்டின் நடுவில் விரலால் ஒரு கோடு இழுத்தால் கோடு உடனே மூடிக்கொள்ளக் கூடாது. இந்தச் சோதனையை எனக்குக் காட்டியது அம்மா. "கண்ணு, கரண்டியப் பாக்காத, தட்டப் பாரு" என்றார்.

அடுப்பை அணைத்தபின் சீரகம், பெருங்காயம், எலுமிச்சைச் சாறு.

சூடான கூழ் தோலில் பட்டால் ஒட்டிக்கொள்ளும், வெந்நீர் மாதிரி வழிந்து போகாது. அதனால் இதுவரை பையன்கள் யாரும் அடுப்படிக்கு வரக்கூடாது. கை பொறுக்கிற சூட்டுக்கு வந்த பிறகுதான் அவர்களைக் கூப்பிட வேண்டும்.

மாடியில்

ஏழரைக்குள் மேலே போய்விடுங்கள். கயிற்றுக் கட்டிலின் மேல் வேட்டியை நனைத்துப் பிழிந்து விரியுங்கள். ஆளுக்கு ஒரு குழிக்கரண்டி, ஆளுக்கு ஒரு பக்கம். கரண்டியால் தேய்க்கவே வேண்டாம், ஊற்றினால் தானே வட்டமாகும். இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் தோசை மாதிரி இழுத்து மெலிதாக்கிவிடுவார்கள், அது உரிக்கும்போது கிழியும்.

சின்னவன் தன் பெயரை எழுத ஆசைப்பட்டான். எழுதட்டும், ஆனால் கோடும் கோடும் சேருகிற இடத்தில் கூழ் தடித்துக் காயாமல் நிற்கும். கவரின் முனையை வெட்டி அதில் கூழ் நிரப்பிக் கொடுத்தேன், கோடு மெலிதாக விழுந்தது. ஒரு முழ நீளத்துக்கு ஒரு ரயில் வண்டி போட்டார்கள். எஞ்சின் மட்டும் முழுசாகத் தேறியது, அதை அப்பாவுக்கென்று எடுத்து வைத்தான்.

காக்காய்க்கு ஒரு கறுப்புக் குடையை விரித்துக் கட்டிலோடு கட்டுங்கள். காவலுக்கு இருபது நிமிஷத்துக்கு ஒருவன், நிழலில் மோர்ச் சொம்போடு. பத்தரைக்கு மேல் யாரையும் மாடியில் விடாதீர்கள், தரை கால் வைக்க முடியாத சூடு.

விருந்தாளிகள் வந்திருக்கும்போது ஏற்காடு போகாமல் முடியாது. ஆனால் ஊற்றிய அன்று போகாதீர்கள், சாயங்காலம் உரிக்கிற வேலை இருக்கிறது. மறுநாள் போங்கள். போன வருஷம் இருபது கொண்டை ஊசி வளைவும் தாண்டி மேலே போனபோது தோட்டங்களில் காப்பிச் செடி பூத்திருந்தது. கிளை முழுக்க வெள்ளை, மல்லிகை மாதிரி வாசனை. கோடை மழை பெய்த பிறகு சில நாள்தான் அந்தப் பூ நிற்கும்.

மழை என்றதும் நினைவு வருகிறது. எங்கள் மாடியிலிருந்து சேர்வராயன் மலை தெரியும். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் மலைமுகடு கறுத்தால் கட்டிலை உள்ளே இழுத்துவிடுவோம். மலையில் இடி கேட்ட பிறகு ஓடினால் நேரம் பத்தாது.

உரிப்பது

சாயங்காலம் வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து ஐந்து நிமிஷம் விடுங்கள். பிறகு ஓரத்தில் நகம் கொடுத்தால் முழுசாக வரும். பையன்களுக்கு இது மிகவும் பிடித்த வேலை. உரித்ததைத் தாம்பாளத்தில் பரப்பி இன்னும் இரண்டு நாள் வெயில். ஒடித்தால் "டக்" என்று சத்தம் வர வேண்டும், வளைந்தால் இன்னும் காயவில்லை.

பின்னர் சேர்த்தது

இதைப் படித்துவிட்டுச் சிலர் கேட்டவை.

பொரித்தால் எண்ணெய் குடிக்கிறது என்றார் ஒருவர். எண்ணெய் காயவில்லை. ஒரு துண்டு போட்டதும் அடியில் தங்காமல் மேலே வந்து இரண்டு மடங்காக மலர வேண்டும்.

கடற்கரை ஊரில் இருக்கிறவருக்கு மூன்று நாளில் காயவில்லையாம். காற்றில் ஈரம் அதிகம், ஐந்து நாள்கூட ஆகலாம். இரவில் தட்டை மூடிய அறைக்குள் வையுங்கள், மாடியில் விட்டால் பனியில் மறுபடி நமுத்துவிடும்.

நிறம் சேர்க்கலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். பீட்ரூட் சாறு ஊற்றிப் பார்த்தேன். ஊற்றும்போது ரோஜா நிறம், மூன்றாம் நாள் வெயிலில் வெளிறிப்போனது. பையன்கள் ஏமாந்துவிட்டார்கள். எனக்கு வெள்ளைதான் பிடிக்கிறது.

அரை கிலோவுக்கு எங்களுக்கு ஒரு பெரிய டின் நிறைந்தது. ஊருக்குப் போகும்போது அண்ணிக்குப் பாதி கட்டிக் கொடுத்தேன். அதில் தான் ஊற்றியவை எவை என்று அவர் மகன் தனியாகப் பொறுக்கி ஒரு கவரில் போட்டு வைத்திருந்தான்.